பதினேழு யார்

எதிரில் நிற்கிற ஆளின் முகத்தைப் பார்த்து, "அப்படி ஒரு ஆளே இல்லை" என்று சொல்வதற்கு ஒரு தைரியம் வேண்டும். பூபதிக்கு அது வேண்டிய அளவு இருந்தது. ஓசூர் சிப்காட்டில் காற்று டாங்கியும் நீராவி டாங்கியும் செய்கிற அந்தத் தொழிற்சாலையில் அவர் எச்.ஆர். அதிகாரி. கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தார், பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தரம் பார்த்தார்.

"மாதேஷ்ங்கிற பேர்ல ஒரு வெல்டர் இங்க எப்பவுமே வேலை பார்க்கலையேப்பா" என்றார்.

மாதேஷ் அங்கே ஒன்பது வருஷமாக வெல்டிங் அடிக்கிறான். போன பொங்கலுக்கு முன்னால் பூபதியின் நாற்காலிக் கால் முறிந்தபோது அதைப் பற்றவைத்துக் கொடுத்ததும் அவன்தான். அந்த நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டுதான் பூபதி இப்படிச் சொன்னார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்றால் இதுதான்.

மாதேஷ் கேட்டது பெரிய சொத்து ஒன்றும் இல்லை. 'இன்னார் எங்களிடம் இத்தனை வருஷம் வெல்டராக வேலை செய்தார்' என்று கம்பெனித் தாளில் நாலு வரி வேண்டும். ஆஸ்திரேலியாவில், கடலோரத்தை விட்டு எட்டு மணி நேரம் உள்ளே தள்ளி ஒரு சின்ன ஊர். கோதுமை கொட்டி வைக்கிற உருளைகளும் பால் டாங்கிகளும் செய்கிற பட்டறை ஒன்று அங்கே இருந்தது. அந்த ஊர் இளவட்டங்களெல்லாம் சுரங்க வேலைக்கு ஓடிவிட, வெல்டிங் ராடு பிடிக்க ஆளில்லாமல் பட்டறையில் பாதி படுத்துவிட்டது. உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை என்று அவர்கள் தங்கள் அரசாங்கத்திடம் எழுதிக் கொடுத்து, வெளிநாட்டிலிருந்து நான்கு வெல்டர்களைத் தங்கள் பொறுப்பில் அழைத்துக்கொள்ள அனுமதி வாங்கியிருந்தார்கள். இதற்குப் பெயர் ஸ்பான்சர். ஓசூரில் எல்லோரும் 'பான்சர்' என்றார்கள். பெண்டாட்டி பிள்ளையோடு போகலாம், பிள்ளை அங்கேயே படிக்கலாம் என்பதால் துபாய்க்குப் போய் வந்தவர்கள்கூட வாயைப் பிளந்தார்கள்.

அதற்கு இரண்டே இரண்டு நிபந்தனை. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பட்டறையின் ஃபோர்மேன் வந்து கை வேலையைச் சோதிப்பார். அதில் தேற வேண்டும். சொந்தப் பெயரில் ஐந்து வருஷ அனுபவக் கடிதம் வேண்டும். முதலாவதைப் பற்றி மாதேஷுக்குத் துளியும் பயமில்லை. இரண்டாவதுக்குத்தான் பூபதியிடம் வந்து நின்றான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது சும்மாவா?

"உன் பாஸைக் காட்டு" என்றார் பூபதி. மாதேஷ் கழுத்தில் தொங்கிய கேட் பாஸைக் காட்டினான். அதில் அவன் படம் இருந்தது. படத்துக்குக் கீழே 'கருப்பசாமி' என்று இருந்தது. பூபதி பாஸை வாங்கி மேசை இழுப்பறைக்குள் போட்டுக்கொண்டு, வேறு ஆள் பெயரில் உள்ளே வந்ததற்குப் போலீசைக் கூப்பிடாமல் விடுவதே பெரிது, இனி இந்தப் பக்கம் வராதே என்று அனுப்பிவிட்டார்.

வெளியே கேட்டுக்குப் பக்கத்தில் 'வெல்டர்கள் தேவை' என்ற போர்டு நின்றது. அவன் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அது அங்கேயே நிற்கிறது. இடையில் இரண்டு தரம் பெயிண்டும் அடித்தார்கள்.

கருப்பசாமி எப்படி வந்தான் என்பதைச் சொல்லிவிட வேண்டும். மாதேஷை உள்ளே கொண்டுபோனவன் முனிவேல் என்கிற கான்ட்ராக்டர். ஒரே ஆள் ஒரு வருஷத்தில் இருநூற்று நாற்பது நாள் தொடர்ந்து வேலை செய்துவிட்டால் சட்டப்படி பேச்சு வந்துவிடும். பர்மனென்ட் ஆக்கு என்பான். அதனால் மற்ற கான்ட்ராக்டர்கள் எட்டு மாதத்துக்கு ஒரு தரம் ஆளை நிறுத்திவைத்து, 'பிரேக்' கொடுத்து, மறுபடி சேர்ப்பார்கள். முனிவேல் அவர்களைவிடக் கெட்டிக்காரன். நல்ல வெல்டரை ஒரு வாரம்கூட வீட்டில் உட்காரவைக்க அவனுக்கு மனசு வராது. ஆளை நிறுத்தாமல் பெயரை மட்டும் நிறுத்திவிடுவான். திங்கட்கிழமை அதே ஆள், அதே படம், புதுப் பெயர். ஓடிப்போனவன் பெயர், செத்துப்போன மச்சான் பெயர் என்று ஆறு பெயர்களை வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி விட்டான். மாதேஷ் என்ற பெயர் மட்டும் ஒன்பது வருஷத்தில் ஒரு நாளும் அந்தக் கேட்டைத் தாண்டவில்லை.

மாதேஷ் முதலில் இதை வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டான். காலையில் கேட்டில் பெயர் கேட்டால் பாஸைக் குனிந்து பார்த்துத்தான் சொல்லுவான். இன்றைக்கு நீ யாருடா என்று கூட்டாளிகள் கேலி செய்வார்கள். மூன்றாம் வருஷம் முனிவேலுக்குப் பெயர் தட்டுப்பாடு வந்து, மாதேஷின் அப்பன் பெயரையே எடுத்து அவனுக்கு மாட்டினான். அப்பன் கோவிந்தப்பன் சூளகிரிப் பக்கத்தில் பிறத்தியார் நிலத்தில் காலமெல்லாம் வேலை செய்தவர். நிலத்துக்காரர் வீட்டு எட்டு வயசுப் பிள்ளைகூட அவரை "ஏய் கோவிந்தா" என்றுதான் கூப்பிடும். கேட்டில் செக்யூரிட்டி, "ஏய் கோவிந்தா, இங்க வா" என்று கத்தியபோது மாதேஷுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அந்த எட்டு மாதமும் அவன் கேட்டில் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு விழுந்த வடு ஆறவே இல்லை.

ஆட்களைத் திரட்டித் தருகிற ஏஜென்ட் சென்னகிருஷ்ணனுக்கு பாகலூர் ரோட்டில் ஆபீஸ். மாதேஷ் விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரித்தார். இதெல்லாம் ஒரு பிரச்சினையா என்று இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் போட்டார். குருபரப்பள்ளியில் ஒரு பெரிய இன்ஜினியரிங் கம்பெனியில் மாதேஷ் ஏழு வருஷம் வேலை செய்ததாக ஆங்கிலத்தில் அச்சடித்து, முத்திரையும் குத்தியிருந்தது. குருபரப்பள்ளியில் அந்த விலாசத்தில் இருப்பது பஞ்சர் கடை. மற்ற மூன்று பேரும் இதைத்தான் வாங்கியிருக்கிறார்கள், கையெழுத்துப் போடு என்றார்.

மாதேஷ் தாளைத் திருப்பி வைத்தான்.

"ஒம்போது வருசமா அடுத்தவன் பேர்ல என் வேலையைச் செஞ்சன். இப்ப என் பேர்ல, நான் செய்யாத வேலையைச் சொல்லணுமா? வேணாங்கண்ணா. என் பேரு, என் வேலை, ரெண்டும் ஒண்ணா இருந்தா போறன். இல்லன்னா போவல."

கேட்கிறவன் கேனையனாக இருந்தால் கேப்பையில் நெய் வடிகிறது என்பார்கள் என்று அவனைத்தான் சென்னகிருஷ்ணன் திட்டினார். கடைசியில், டெஸ்ட்டுக்கு மட்டும் வந்து தொலை, பிறகு பார்க்கலாம் என்றார்.

வீட்டில் மனைவி பவளம் எல்லாவற்றையும் கேட்டாள். அவள் ரோஜாப் பண்ணையில் பூக்களைத் தரம் பிரித்துக் கட்டுகிறவள். பிப்ரவரி வந்துவிட்டால் மூட்டுவலிக்குக்கூட லீவு கிடையாது. காதலர் தினத்துக்கு அத்தனை ரோஜாவும் விமானம் ஏறும். நான் கட்டுகிற பூவுக்கெல்லாம் விசா கிடைக்கிறது, என் புருஷனுக்குக் கிடைக்காதா என்று அவள் சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அரிசி டப்பாவுக்கு அடியிலிருந்து ஒரு பையை எடுத்தாள். பழைய பாஸ்களை முனிவேல் திருப்பிக் கேட்டபோதெல்லாம் தொலைந்துவிட்டது என்று சொல்லச் சொல்லி, ஐந்தையும் அவள் பத்திரமாக வைத்திருந்தாள். ஐந்து பெயர், ஒரே முகம். முகத்தில் மீசை மட்டும் வருஷத்துக்கு வருஷம் மாறியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஒரு தனியார் பயிற்சிக்கூடத்தின் ஷெட்டில் டெஸ்ட் நடந்தது. வந்த ஃபோர்மேன் பெயர் ரஸ்ஸல். ஆறடிக்கு மேல் உயரம், சிவந்து தடித்த கழுத்து, இரண்டு கைகளிலும் பழைய நெருப்புப் பொட்டுகள். அந்தக் கைகளைப் பார்த்ததுமே மாதேஷுக்கு ஆள் யார் என்று புரிந்துவிட்டது. ரஸ்ஸல் கனத்த குழாய்த் துண்டுகள் இரண்டைக் காட்டி, சுற்றிலும் பற்றவைக்கச் சொன்னார். குழாயைத் திருப்பக் கூடாது, ஆள்தான் குனிந்தும் மல்லாந்தும் சுற்றிவர வேண்டும். மற்ற மூன்று பேரும் அடிப்பக்கத்தில் திணறினார்கள். மாதேஷ் ராடை வைத்தால் அது கோடு கிழித்த மாதிரி போயிற்று. மேலே படிந்த கசடைத் தட்டி எடுத்து, பிரஷ் போட்டுத் தேய்த்தான். பிறகு வழக்கம்போலச் சட்டைப் பையிலிருந்து எண் பொறிக்கிற இரும்பு அச்சுகள் இரண்டை எடுத்து, மூட்டுக்குப் பக்கத்தில் வைத்துச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினான். 17 என்று விழுந்தது.

சென்னகிருஷ்ணன் பதறிப்போய் ஓடிவந்தார். நல்லா இருந்த வேலையில் ஏன் ஓட்டை போட்டாய் என்றார். மாதேஷுக்கும் அப்போதுதான் தெரிந்தது, பழக்க தோஷத்தில் அடித்துவிட்டான் என்று. ரஸ்ஸல் மட்டும் குனிந்து அந்த நம்பரையே பார்த்தார். இது என்ன என்று கேட்டார்.

மாதேஷ் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்திலும், மீதியை சென்னகிருஷ்ணன் வாயாலும் சொன்னான். அழுத்தத்தைத் தாங்குகிற டாங்கி எதுவானாலும், பற்றவைத்தவன் தன் நம்பரை மூட்டுக்குப் பக்கத்தில் அடிக்க வேண்டும். நாளைக்கு வெடித்தால் யார் வேலை என்று தெரிய வேண்டுமல்லவா? நம்பரைக் கொடுப்பது கம்பெனி அல்ல; வெளியிலிருந்து வந்து மூட்டை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிற சோதனைக்காரர். நம்பரை மாற்றினால் புது ஆள் என்று கணக்கு; புதிதாக டெஸ்ட் வைக்க வேண்டும். அந்தத் தொல்லை யாருக்கு வேண்டும்? அதனால் முனிவேல் பெயரை மாற்றினானே தவிர நம்பரை மாற்றவில்லை. அச்சுகூட மாதேஷின் சொந்த அச்சு. பெங்களூரில் பழைய சாமான் கடையில் வாங்கியது. அதில் ஏழின் கால்நுனி கொஞ்சம் உடைந்திருக்கும்.

ரஸ்ஸல் கடிதத்தைக் கேட்டார். இல்லை என்றான். சென்னகிருஷ்ணன், இவனை விட்டுவிடலாம் சார், மற்றவர்களிடம் எல்லாத் தாளும் இருக்கிறது என்று குறுக்கே புகுந்தார். ரஸ்ஸல் கையைத் தூக்கி அவரை நிறுத்தினார். மாதேஷ் அதற்குள் ஷெட் மூலையில் இருந்த கம்ப்ரஸரை நோக்கி நடந்துவிட்டான். அதன் டாங்கி அவன் கம்பெனியில் செய்தது. சட்டை நுனியால் அடிப்பக்கத்து எண்ணெய் அழுக்கைத் துடைத்தான். 17. ஏழின் கால்நுனி இல்லை. மேலே ஒட்டியிருந்த தகட்டில் 2001 என்று இருந்தது.

ரஸ்ஸல் தரையில் மண்டியிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். இன்னும் எங்கே இருக்கிறது என்று கேட்டார். மாதேஷ் விரல்விட்டுச் சொன்னான். கிருஷ்ணகிரியில் பால் குளிரூட்டுகிற இடத்தில் ஒன்று. காவேரிப்பட்டினத்துக்கு முன்னால் மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் இரண்டு நீராவி டாங்கி. தான் பற்றவைத்த டாங்கி எந்த லாரியில் ஏறி எந்த ஊருக்குப் போனது என்பது அவனுக்கு மனப்பாடம்.

அன்று மத்தியானமே சென்னகிருஷ்ணனின் காரில் மூன்றையும் பார்க்கப் போனார்கள். பெட்ரோலை நினைத்து அவர் வழியெல்லாம் முனகினார். மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் சீசன் முடிந்து டாங்கிகள் ஆறிக் கிடந்தன. அந்தப் பெரிய உடம்பைக் குறுக்கிக்கொண்டு ரஸ்ஸல் டாங்கிக்கு அடியில் தவழ்ந்து போனார். உள்ளேயிருந்து கேமரா வெளிச்சம் அடித்தது. 1999, 2003, 2005 என்று வருஷங்கள் மாறின. நொண்டி ஏழு மாறவில்லை. வெளியே வந்தபோது அவர் முதுகெல்லாம் காய்ந்த மாம்பழக் கூழ். அவர் மாதேஷின் தோளில் கை வைத்துச் சொன்னதை சென்னகிருஷ்ணன் வேண்டாவெறுப்பாக மொழிபெயர்த்தார். எனக்குச் சந்தேகமில்லை, ஆனால் எங்கள் அரசாங்கம் டாங்கியைப் படிக்காது, தாளைத்தான் படிக்கும். செவ்வாய்க்கிழமை காலை நான் விமானம் ஏறுகிறேன், அதற்குள் உன் கம்பெனியின் கடிதம் கொண்டுவந்தால் முதல் ஆள் நீதான் என்றார். ஓசூருக்குத் திரும்பி, ஸ்டூடியோவில் படங்களைப் பிரின்ட் போட்டு அவன் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

வீட்டில் பவளம் படங்களைத் தரையில் பரப்பினாள். பக்கத்தில் ஐந்து பாஸையும் வைத்தாள். இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மகள் யுவஸ்ரீக்குத் தலை பின்னிக்கொண்டே சாதாரணமாக ஒன்றைக் கேட்டாள்.

"ஏன் மாமா, கம்பெனிக்காரங்க கணக்குப்படி இந்தப் பதினேழு ஆறு பேரா, ஒரு ஆளா?"

மாதேஷ் பாஸ்களையும் படங்களையும் இன்னொரு தரம் எண்ணினான். பிறகு எழுந்து அவள் தலையில் ஒரு தட்டுத் தட்டினான். அன்றைக்கு அவன் மூன்று களி உருண்டை சாப்பிட்டான்.

திங்கட்கிழமை காலை அவள் லீவு போட்டுவிட்டு அவனோடு வந்தாள். பாஸ் இல்லாததால் கேட்டில் பார்வையாளர் நோட்டை நீட்டினார்கள். பெயர் என்ற இடத்தில் 'மாதேஷ்' என்று எழுதினான். யாரைப் பார்க்க வந்தீர்கள் என்ற கட்டத்தை நிரப்புவதற்குள் பின்னால் லாரி ஹாரன் அடிக்க, செக்யூரிட்டி போ போ என்று உள்ளே விட்டுவிட்டார்.

பூபதியின் அறையில் முனிவேலும் இருந்தான். மாதேஷைப் பார்த்ததும் அவன் எழுந்து, என்னாத்துக்குடா மறுபடியும் வந்தாய் என்று கையை ஓங்கினான். பவளம் குறுக்கே போய் நின்றாள். பையைத் திறந்து பாஸ்களை மேசையில் வரிசையாக வைத்தாள். மாதேஷ் அதற்குக் கீழே படங்களை வைத்தான். மனசுக்குள் பயம் இல்லாமலில்லை. ஆனால் குரல் நடுங்கவில்லை.

"சார், இது எல்லாமே பதினேழாம் நம்பர் அடிச்ச டாங்கி. தொண்ணூத்தொம்போதுல இருந்து போன மாசம் வரைக்கும் இதே நம்பருதான். இந்தப் பதினேழு ஆறு பேருன்னா, ஒருத்தனுக்கு டெஸ்ட் வச்சுட்டு அஞ்சு பேரு திருட்டுத்தனமா அடிச்சிருக்கறாங்க. நீங்க வித்த டாங்கி எல்லாமே பொய். எக்ஸ்ரேக்காரர்கிட்ட அதைச் சொல்லுங்க. இல்ல, ஒரே ஆளுதான்னா அந்த ஆளு நானு. ரெண்டுல எது நெசமோ, அதைத் தாள்ல எழுதிக் குடுங்க சார். எது எழுதுனாலும் வாங்கிகினு போறன்."

பூபதி ஒரு படத்தை எடுத்தார், வைத்தார். முனிவேலைப் பார்த்தார். முனிவேல் ஜன்னலைப் பார்த்தான். ஆறு பேர் என்றால் டாங்கி வாங்கியவர்களெல்லாம் வாசலில் வந்து நிற்பார்கள். ஒரே ஆள் என்றால் ஒன்பது வருஷம் இடைவெளியில்லாமல் வேலை செய்த ஒருவன் நாளைக்கு லேபர் ஆபீஸில் போய் நிற்பான். இரண்டு பக்கமும் குழிதான்.

கடைசியில் பூபதி இறங்கி வந்தார். கடிதம் தருகிறேன், அதற்கு முன்னால் ஒரு கையெழுத்து வேண்டும் என்று இன்னொரு தாளை எடுத்தார். இந்தக் கம்பெனியோடு எனக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை, இனி எதுவும் கேட்கமாட்டேன் என்று அதில் இருந்தது.

"எந்தப் பேர்ல கையெழுத்துப் போடணும் சார்?" என்று கேட்டான் மாதேஷ். "ஆறு பேரு இருக்குது. எந்தப் பேரு சொன்னாலும் போடறன்."

பவளத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பூபதி அந்தத் தாளை மடித்து உள்ளே வைத்தார்.

பன்னிரண்டு மணிக்குக் கடிதம் வந்தது. 'கோவிந்தப்பன் மகன் மாதேஷ், வெல்டர், நம்பர் 17, 1998 முதல் 2007 வரை தொடர்ந்து எங்களிடம் வேலை செய்தார்.' மாதேஷுக்கு ஆங்கிலம் மெதுவாகத்தான் படிக்க வரும். அப்பன் பெயர் அப்பனுடைய இடத்திலும், தன் பெயர் தன்னுடைய இடத்திலும் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்தான். இருந்தது. கண் கலங்கியது, முனிவேலுக்கு முன்னால் அதைத் துடைக்க விருப்பமில்லாமல் அப்படியே நின்றான்.

சாப்பாட்டு மணி அடித்து ஆட்கள் கேன்டீனுக்கு வந்துகொண்டிருந்தார்கள். பன்னிரண்டாம் நம்பரும், இருபத்து மூன்றும், முப்பத்தொன்றும் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். எல்லாரும் முனிவேலின் ஆட்கள்தான். எல்லாருக்கும் நாலைந்து பெயர் உண்டு. கடிதத்தை அவர்கள் கையில் கொடுத்தான். இதற்கு நான்கு ஜெராக்ஸ் எடுக்கப் போகிறேன், ஒன்றுதான் ரஸ்ஸலுக்கு, ஒன்றை இன்று சாயங்காலமே லேபர் ஆபீஸில் கொடுப்பேன், மீதி உங்களுக்கு, அவரவர் நம்பர் எந்த டாங்கியில் இருக்கிறது என்று யோசித்து வையுங்கள் என்றான். இருபத்து மூன்று தட்டைக் கீழே வைத்துவிட்டு விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தான்.

கேட்டில் செக்யூரிட்டி நோட்டோடு காத்திருந்தார். ஆறு பெயர் சொல்லியும் அவனைக் கூப்பிட்டவர் அவர்.

"கருப்பசாமி, யாரைப் பார்க்க வந்தன்னு எழுதாமப் போயிட்டியே" என்றார்.

மாதேஷ் பேனாவை வாங்கி, காலியாக இருந்த கட்டத்தில் எழுதினான். செக்யூரிட்டி நோட்டைத் திருப்பிப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். வந்தவர், மாதேஷ். பார்க்க வந்தது, மாதேஷ்.

"என்னப்பா இது, ரெண்டு இடத்துலயும் ஒரே பேரை எழுதியிருக்கற?"

"ஒரே ஆளுதாண்ணா" என்றான் மாதேஷ். பவளம் ஏற்கெனவே ரோட்டைத் தாண்டி ஜெராக்ஸ் கடையில் நின்றுகொண்டிருந்தாள்.